வானம் தோண்டும் முன்னே எழுதிக் கொடுத்துவிடு

அரசு வீட்டுப் பட்டியலில் பேர் வந்துவிட்டது என்று போன் வந்ததும் நம்ம குமரி மாவட்டத்தில் எல்லாரும் முதலில் தேடுவது கொத்தனாரைத்தான். வீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவோ, ஊன்றுகோலோடு நடக்கும் அண்ணனோ, கண் தெரியாத தங்கச்சியோ இருந்தால் அந்த அவசரம் வேண்டாம், மக்கா. கொத்தனார் ரெண்டு நாள் பொறுப்பார். ஒருதடவை சுவர் எழும்பிவிட்டால், அப்புறம் நீ கேட்பதெல்லாம் இடித்துக் கட்டும் வேலையாகிவிடும்.

வீடு கேட்கிற மனு ஒன்று. அந்த வீடு இன்னாருடைய உடம்புக்குத் தோதாக இருக்க வேண்டும் என்று கேட்கிற மனு வேறொன்று. முதல் மனுவுக்காக நம்ம ஆட்கள் செருப்பு தேய அலைவார்கள். ரெண்டாவது மனு என்று ஒன்று கொடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் “வீடே ஓசியில் கிடைக்குது, இதுல நொட்டை சொல்லக் கூடாது” என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தக் கூச்சத்தைத்தான் முதலில் விடவேண்டும்.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியது ரெண்டு இடம். 37-ஆம் பிரிவு, அரசின் வீட்டு ஒதுக்கீட்டில் 5 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்றும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்றும் சொல்கிறது. 2-ஆம் பிரிவில் ‘நியாயமான இசைவமைப்பு’ என்று ஒன்று வருகிறது. ஒருவருக்கு மற்றவர்களைப் போலவே ஒரு வசதியைப் பயன்படுத்த வேண்டுமானால், அளவுக்கு மீறிய சுமை இல்லாதவரை, அதற்கான மாற்றத்தைச் செய்து கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். அதை மறுத்தால் அதுவே பாகுபாடு என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே நீ கேட்பது தயவு கிடையாது.

இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. 5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ஊனம் என்ற சான்று கட்டாயம். நியாயமான இசைவமைப்புக்கு அந்த 40 என்கிற கோடு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் எழுத முடியாத ஒருவர், குடிமைப் பணித் தேர்வுக்குத் தனக்காக எழுத ஆள் கேட்டார். உங்களுக்கு அந்த அளவு ஊனம் இல்லை என்று மறுத்தார்கள். இசைவமைப்பு எல்லா மாற்றுத்திறனாளிக்கும் உரியது, 40-ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அது தேர்வு பற்றிய வழக்குதான். ஆனால் அந்தச் சட்டமும் அந்த வார்த்தைகளும் வீட்டுக்கும் பொருந்தும். “உங்களுக்கு 35 பெர்சன்ட்தானே, ஒண்ணும் செய்ய முடியாது” என்று யாராவது சொன்னால், ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. தரைத்தள வீடு வேண்டும், கதவை அகலமாக வைக்க வேண்டும் என்று கேட்பதற்கு அது பதிலாகாது.

சரி, எந்த அலுவலகத்துக்குப் போவது? நம்ம மாவட்டத்தில் இதில்தான் ஆட்கள் அதிகம் அலைகிறார்கள். கிராம ஊராட்சிகள் 95. பேரூராட்சிகள் ஐம்பது வாக்கில். வீட்டைச் சுற்றி ரப்பரும் வாழையும் நிற்கும், பார்த்தால் பச்சைக் கிராமம், ரசீதில் மட்டும் பேரூராட்சி என்று இருக்கும். பிரதமரின் ஊரகக் குடியிருப்புத் திட்டமும், 2024-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லமும் கிராம ஊராட்சிக்கானவை. ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரை, அதாவது பிடிஓவைப் பார்க்க வேண்டும். பேரூராட்சி, நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சி என்றால் நகர்ப்புறத் திட்டம். அதைத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் பார்க்கிறது. பழைய குடிசை மாற்று வாரியம்தான் அது, 2021-ல் பெயர் மாறியது. வீட்டு வரி ரசீதை எடுத்து மேல்வரியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு பஸ் ஏறு. தக்கலை ஒன்றிய ஆபீசில் அரைநாள் வரிசையில் நின்றபிறகு “நீங்க பேரூராட்சி, இங்க வராது” என்று கேட்பது பெரிய கொடுமை, அதுவும் கால் முடியாதவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால்.

வீட்டுக்கான உத்தரவு யார் பேரில் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள். ஊரகக் குடியிருப்புத் திட்டத்தின் வழிகாட்டி நெறியில் ஒரு வரி இருக்கிறது: மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் தேர்வான வீடு அந்த மாற்றுத்திறனாளியின் பேரில் மட்டுமே இருக்க வேண்டும். இது நம்ம குடும்பங்களில் சண்டை வரும் இடம். “அவளுக்கு எதுக்கு வீடு, அண்ணன்தானே கடைசிவரை பார்க்கப் போறான், அவன் பேரில் இருக்கட்டும்” என்று மாமா சித்தப்பா எல்லாரும் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். அண்ணன் நல்லவனாகவே இருக்கட்டும். நாளைக்கு அண்ணி, அண்ணியின் பிள்ளைகள், பாகப்பிரிவினை என்று வரும்போது, கட்டிலில் கிடப்பவள் யார் வீட்டில் கிடக்கிறாள் என்ற கேள்வியும் வரும். உத்தரவும் வங்கிக் கணக்கும் அவள் பேரிலேயே இருக்கட்டும். பாஸ் புக்கும் அவள் கையில் இருக்கட்டும். இதில் நான் யாரோடும் சமாதானத்துக்குத் தயாரில்லை.

இனி மனு. ஊனச் சான்றும், தேசிய அடையாள அட்டையான யுடிஐடியும் இருந்தால் நகல் வை. 40 முதல் 79 வரை மஞ்சள் கோடு, 80-க்கு மேல் நீலக் கோடு போட்ட அட்டை அது. இல்லாதவர்கள் இணையத்தில் பதிந்துவிட்டு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகவேண்டி வரும். அந்தச் சான்றோடு இன்னொரு தாளையும் சேர்க்கச் சொல்வேன். பிசியோதெரபிஸ்டோ மருத்துவரோ எழுதிய நாலு வரிக் கடிதம். வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. வருகிறவரிடமே கேட்டுப் பார். கடிதத்தில் நோயின் பெயர் நீளமாக வேண்டாம். என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதுதான் வேண்டும். ‘போலியோ பாதிப்பு’ என்று எழுதினால் வீட்டு வேலையைப் பார்வையிடும் ஓவர்சியருக்கு ஒன்றும் விளங்காது. ‘அரை அடிக்கு மேல் உயரமான படி ஏற முடியாது, தரையில் குத்தவைத்து உட்கார முடியாது, கையால் பிடிக்க ஒரு கம்பி இருந்தால் தானே எழுந்துகொள்வார்’ என்று எழுதினால் அவர் கையில் அளவு கிடைத்துவிடும்.

மனுவின் வாசகத்தை ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளலாம்:

“பொருள்: அனுமதிக்கப்பட்ட வீட்டில் மாற்றுத்திறனாளிக்கான வசதிகளைச் செய்ய அனுமதியும் தொழில்நுட்ப உதவியும் கோருதல். என் பேருக்கு மேற்படி திட்டத்தில் வீடு அனுமதியாகியுள்ளது. நான் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறேன். ஆகவே வீட்டின் நுழைவாயிலில் படிக்குப் பதில் சாய்தளமும், எல்லா வாசல்களும் மூன்றடி அகலத்திலும், வீட்டுக்குள்ளேயே மேல்நாட்டுக் கழிப்பறையும் கைப்பிடியும் அமையுமாறு வரைபடத்தில் மாற்றம் செய்து தரவேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 2 மற்றும் 3-இன்படி இதை நியாயமான இசைவமைப்பாகக் கோருகிறேன். செய்ய இயலாது என்றால் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதே. “முடியாது” என்று வாயால் சொல்வது எளிது. தாளில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட யாரும் லேசில் முன்வர மாட்டார்கள். பல நேரம் அந்த ஒரு வரிக்காகவே வேலை நடந்துவிடும்.

இதே இசைவமைப்புக்கு அமெரிக்காவில் அரசு உதவி வீடுகளில் 1973-ஆம் வருடச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும், 1988-ல் திருத்திய வீட்டு உரிமைச் சட்டமும் இருக்கின்றன. அங்கே வாயால் கேட்டாலும் அது கோரிக்கைதான். நம்மிடம் வாயால் கேட்டது வராந்தாவிலேயே நின்றுவிடும். அதனால் மூன்று நகல் எடு. ஒன்று பிடிஓவுக்கு, அல்லது நகர்ப்புறம் என்றால் வாரிய அலுவலகத்துக்கு. இன்னொன்று நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. மூன்றாவதில் தேதியும் முத்திரையும் வாங்கி வீட்டில் வை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு கிடைக்கும். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் உனக்கு நீயே அனுப்பிவை. போக முடியாதவர்கள் முதல்வர் உதவி மைய எண் 1100-க்குப் பேசியும் மனுவைப் பதியலாம்.

எப்போது கொடுப்பது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். இந்தத் திட்டங்களில் பணம் ஒரே தடவையாக வராது. பேஸ்மென்ட், லிண்டல், கூரை, முடிவு என்று கட்டம் கட்டமாகப் போட்டோ எடுத்துத்தான் பணம் விடுவிப்பார்கள். பேஸ்மென்ட் போட்டோ ஏறிவிட்டால் வீட்டின் உயரமும் கழிப்பறையின் இடமும் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். லிண்டல் ஏறினால் வாசல் அகலமும் போயிற்று. ரெண்டரை அடி நிலைக்கும் மூன்றடி நிலைக்கும் மரக்கடையில் பெரிய வித்தியாசம் இராது. கட்டிய சுவரை உடைத்து அரை அடி அகலப்படுத்திப் பார், அப்போது தெரியும் செலவு.

அளவுகளுக்கு மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டி இருக்கிறது. சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு; ஓர் அடி ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம். வாசல் இடைவெளி 90 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம். இதை நம்ம மண்ணில் வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஒன்றரை அடி பேஸ்மென்ட் என்றால் சாய்தளம் 18 அடி ஓட வேண்டும். மூன்று சென்ட் புரையிடத்தில் முன்பக்கம் 18 அடிக்கு எங்கே போவது? வீட்டின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி எடுத்து, மூலையில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டு, வாசலுக்குத் திருப்பு.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்னொரு வழி உண்டு. அங்கே புரையிடமே சரிவில்தான் கிடக்கும். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று மண்ணை வெட்டியிருப்பார்கள். ரோட்டைப் பார்த்து வாசல் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பின்னால் மேட்டுப்பக்கத் தரையும் வீட்டுத் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டமாக வந்தால், அங்கே வாசல் வை. நடுவில் மழைத்தண்ணீர் ஓட ஒரு ஓடை விட்டு அதன்மேல் சிலாப் போட்டால் போதும், சாய்தளமே வேண்டியதில்லை. வாஸ்து பார்ப்பவர் முகம் சுளிப்பார். அவர் அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை.

கடற்கரையில் பிரச்சினை நேர்மாறு. மணலில் சக்கரம் உருளாது. வாசலிலிருந்து ஆட்டோ வந்து நிற்கும் இடம் வரைக்கும் கான்கிரீட் பாதை இல்லையென்றால் உள்ளே எவ்வளவு நல்ல சாய்தளம் போட்டும் பலனில்லை. அங்கே மனுவில் பாதையையும் சேர்த்தே எழுது.

நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வழவழப்பாகப் பூசிய சாய்தளத்தில் ஒரே மழைக்காலத்தில் பாசி பிடித்துவிடும். ஆகவே கொத்தனாரிடம் சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுக்கச் சொல். சறுக்கிவிடும் டைல்ஸ் வேண்டவே வேண்டாம், இலவசமாகத் தந்தாலும். ரெண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் வெளியே போகாதபடி நாலு அங்குலத் திண்டு.

கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. நம்ம பக்கம் அதை வீட்டுக்குப் பின்னால், விளையின் ஓரத்தில் தனியாகக் கட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. ராத்திரி மழையில் ஊன்றுகோலோடு யார் போவது? அதற்குப் பயந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்கள் நம்மிடையே உண்டு. வழிகாட்டி கேட்கிற முழு அளவு 2.2 மீட்டருக்கு 2 மீட்டர். கனவு இல்லத்தின் மொத்தப் பரப்பு 360 சதுர அடி. இதில் 47 சதுர அடி, அதாவது எட்டில் ஒரு பங்குக்கு மேல், கழிப்பறைக்கே போய்விடும். வீட்டில் இருப்பவர்கள் முனகுவார்கள். குளியலறையையும் கழிப்பறையையும் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒன்றாகவே போட்டுவிட்டால் அந்த இடம் வீணாகாது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. வாசலில் படி வேண்டாம். தரையைக் கால் அங்குலம், அரை அங்குலம் சரித்துவிட்டால் தண்ணீர் போய்விடும். கைப்பிடியைப் பிளாஸ்டிக் பிளக்கில் முடுக்காமல், சுவர் கட்டும்போதே கம்பியை உள்ளே பதிக்கச் சொல். ஆள் கனத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வந்தால் கைப்பிடி இல்லாததைவிட மோசம்.

இசைவமைப்பு என்றால் சக்கர நாற்காலி மட்டும்தான் என்றில்லை. பார்வை குறைந்தவருக்குப் படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட்டும் கிணற்றுக்கு உயரமான கைப்பிடிச் சுவரும். காது கேளாதவருக்கு மணியடித்தால் எரியும் விளக்கு. மனவளர்ச்சி குன்றிய பிள்ளை இருந்தால் ரோட்டுப் பக்கம் வேலி, கதவில் கைக்கெட்டாத தாழ். சட்டம் சொல்லும் வகைகள் 21. உன் வீட்டில் இருப்பவருக்கு எது தேவை என்று அவரிடமே கேட்டு எழுது. கேட்காமல் நாமாக முடிவு பண்ணுவது நம்ம குடும்பங்களின் பெரிய கெட்ட பழக்கம்.

தானே நின்று கட்டுவிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். தனியாக இருக்கும் முதியவர், படுக்கையில் கிடப்பவர். ஊரகத் திட்டத்தின் நெறிமுறை இவர்களுக்கும் வழி சொல்கிறது. அவர்கள் வீட்டைக் கொத்தனார் பயிற்சித் திட்டத்தில் சேர்த்துக் கட்டித்தரலாம். அது முடியாத இடத்தில் ஊராட்சியும் ஒன்றிய அலுவலர்களும் சேர்ந்து உதவ வேண்டும். மனுவில் இதையும் கேள். இல்லையென்றால் இடையில் ஒரு காண்ட்ராக்டர் நுழைந்து பாஸ் புக்கைக் கையில் வாங்கிக்கொள்வார்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் கதை வேறு. நகர்ப்புறத் திட்ட நெறியில் மாற்றுத்திறனாளிக்கும் முதியவருக்கும் தரைத்தளத்தில் முன்னுரிமை என்று இருக்கிறது. குலுக்கலுக்கு முன்பே எழுதிக் கொடு. பயனாளி பங்குத்தொகை கட்டும்போது ரசீதோடு மனுவின் நகலையும் சேர்த்துக் கொடு. மாடி வீடு விழுந்துவிட்டால், கீழே இருப்பவரோடு ஒப்பந்தம் பேசிச் சாவியை மாற்றிக்கொள்ளாதே. ஆளும் நல்லவராக இருப்பார், ஒப்பந்தமும் இனிமையாக நடக்கும். ஆனால் ஒதுக்கீட்டு உத்தரவு, மின் இணைப்பு, நாளைக்குக் கிரயப் பத்திரம் எல்லாம் மாடி வீட்டின் எண்ணில் நிற்கும். மாற்றம் வேண்டுமென்றால் வாரியத்தின் எழுத்துபூர்வ உத்தரவோடுதான். “உங்களுக்கு ஒண்ணு கீழே எடுத்துத் தாரேன், கொஞ்சம் செலவாகும்” என்று வருகிறவரிடம் பேச்சே வேண்டாம்.

மறுத்துவிட்டால்? முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேள்: என் மனு எண் இன்னது, அதன்மேல் என்ன நடவடிக்கை, 5 விழுக்காட்டில் எத்தனை வீடு மாற்றுத்திறனாளிகளுக்குப் போயிருக்கிறது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அடுத்து சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சியை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் கோர்ட்டுக்கு இருக்கும் அதிகாரம் அவருக்கும் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று சொல்லியாக வேண்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்காதே. நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் வருடச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீல் நோட்டீஸ் என்றால் நம்ம ஊரில் பகை என்று நினைப்பார்கள். ஆணைக்குழு வழியாகப் போகும் கடிதத்துக்கு அந்தக் காரம் இருக்காது, வேலையும் நடக்கும்.

வீடு முடிந்து பால் காய்ச்சியபிறகும் ஒரு மனு பாக்கி. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் அந்த இருபது படி, அல்லது ரெண்டு பேர் எதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய நடைபாதை. அது வீட்டுத் திட்டத்தில் வராது, ஊராட்சியின் வேலை. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடும். அன்றைக்குப் போய், படியை இடித்துச் சாய்தளப் பாதை போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல். பக்கத்து வீட்டுப் பாட்டிமாரையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கையெழுத்துப் போடச் சொன்னால், ஒருத்தருக்கான பாதை என்று யாரும் தள்ளிவிட முடியாது. கூட்டம் நடக்கும் கட்டடத்துக்கே ஏறப் படி இருந்தால், ஒரு வாரம் முன்னாலேயே ஊராட்சிச் செயலருக்கு எழுதி, பந்தலை முற்றத்தில் போடச் சொல்.